ஏட்டு லாபம் கறிக்கு உதவுமா?

ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனிகள் அறிக்கை வெளியிடுகின்றன. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், முகப்பிலே தலைவரின் சிரித்த முகம், அடுத்து அவர் எழுதிய மடல். நாடு முன்னேறுகிறது, நாமும் முன்னேறுகிறோம் என்பதே பெரும்பாலும் அந்த மடலின் பல்லவி. அதைத் தாண்டிப் புரட்டினால் எண்கள், எண்கள், எண்கள்! கூடவே ஆடிட்டரின் சான்று.

யாருக்காக இந்த அறிக்கை? பணம் போட்டவனுக்காக என்கிறது சட்டம். நல்லது. காற்று சாதகமாக வீசும்போது அறிக்கையைப் படிக்காதவனுக்கும் கப்பல் ஓடத்தான் செய்யும். புயல் வரும்போது? கம்பெனி தள்ளாடும்போது, கடன்காரன் கதவைத் தட்டும்போது, சம்பளம் தவணை தவறும்போது, அந்த அறிக்கை பணம் போட்டவனுக்குக் கை கொடுக்கிறதா, கை விரிக்கிறதா? இதுதான் கேள்வி.

"எல்லாம் பொய்க் கணக்கு; படித்து என்ன பயன்?" என்பார் சிலர். "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இனி என்ன ஐயம்?" என்பார் வேறு சிலர். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன: அறிக்கையைப் படிக்காமல் மூடி வைக்கும் இடத்தில். அதுதான் ஆபத்து.

நமக்கு இதில் என்ன?

"பங்கு வாங்கி விற்பவன் கவலை அது, பட்டறையில் நிற்கிறவனுக்கு என்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். 8.33 சதவிகிதமா, 20 சதவிகிதமா என்று போனஸ் வழக்காடும் காலத்திலே நாம் புரட்டாத ஐந்தொகையா? அது ஒன்று.

இன்னொன்று, அதைவிடப் பெரியது. மாதாமாதம் நம் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பிராவிடண்டு பண்டு எங்கே போகிறது? பெட்டியிலே பூட்டியா கிடக்கிறது? பெரும்பகுதி சர்க்கார் பத்திரங்களிலும் கம்பெனிக் கடன் பத்திரங்களிலும் போடப்படுகிறது. 2015 ஆகஸ்டு முதல் ஒரு பகுதி பங்குச் சந்தை நிதிகளுக்கும் போகிறது. ஆயுள் இன்ஷூரன்சுக்கு நாம் கட்டும் தவணையும் அப்படியே. ஆக, ஒரு பங்குகூட வாங்காத தொழிலாளியும் இன்று முதல் போட்டவன்தான். தன் பெயரில் போடாதவன். கேள்வி கேட்கவும் அழைக்கப்படாதவன். அவ்வளவே வேற்றுமை.

லாபமும் ரொக்கமும்

கம்பெனி அறிக்கையிலே முக்கியமான கணக்கு மூன்று. லாப நஷ்டக் கணக்கு, ஆண்டு முழுதும் எவ்வளவு சம்பாதித்தது என்று சொல்கிறது. ஐந்தொகை, குறிப்பிட்ட ஒரு நாளில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று சொல்கிறது. ரொக்கப் போக்குவரத்துக் கணக்கு, கையிலே உண்மையில் வந்த பணம் எவ்வளவு, போன பணம் எவ்வளவு என்று சொல்கிறது.

மூன்றும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். மூலை மளிகைக் கடையைப் பாருங்கள். கடைக்காரர் ஆயிரம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து ஆயிரத்து இருநூறு என்று நோட்டிலே எழுதுகிறார். நோட்டின்படி அவருக்கு இருநூறு லாபம். பெட்டியிலே? காலணாகூட இல்லை. மொத்த வியாபாரி வந்து சரக்குப் பணத்தைக் கேட்டால் நோட்டைக் கிழித்தா கொடுப்பார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டி சொன்ன வார்த்தை, பெரிய கம்பெனிக்கும் பொருந்துகிற வார்த்தை.

நல்ல காலத்தில் எல்லோர் கண்ணும் லாபத்தின் மீதே. இந்த ஆண்டு நூறு என்றால் வருகிற ஆண்டு நூற்றிருபது என்று கணக்குப் போடுவார்கள். கெட்ட காலம் வந்ததும் அந்த எண்ணின் மதிப்புச் சரிகிறது. கம்பெனி வருகிற ஆண்டு இருக்குமா என்பதே கேள்வியாகிவிட்ட பிறகு வருகிற ஆண்டு லாபம் பற்றி என்ன பேச்சு? அப்போது பார்க்க வேண்டியது, விற்றால் என்ன தேறும், எவனுக்கு எப்போது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே. 1998-இல் அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர்கள் மூவர், திவாலான கம்பெனிகளை ஆராய்ந்து இதைத்தான் கண்டார்கள்: திவால் நெருங்க நெருங்க லாப எண்ணின் செல்வாக்குக் குறைகிறது, ஐந்தொகையின் செல்வாக்கு ஏறுகிறது.

ஆனால் ஐந்தொகையே பொய்யாக இருந்தால்? பொய்யில்லாத ஐந்தொகையை யாரும் படிக்காவிட்டால்? படித்தும் புரியாதபடி பின்னி வைத்திருந்தால்? மூன்றும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

ஒன்று: பொய் சொன்ன கணக்கு

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனி. நிர்வாக ஒழுங்குக்காக 2008-இல் 'கோல்டன் பீகாக்' விருது பெற்ற கம்பெனி. 2009 ஜனவரி 7-ந் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் கணக்கிலே ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய் என்று காட்டப்பட்டிருக்கிறது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். நூறு ரூபாய் இருப்பதாக ஏடு சொன்னால், பெட்டியில் கிடந்தது ஆறு ரூபாய்! இல்லாத வட்டி, மறைத்த கடன், ஏற்றிச் சொன்ன வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்தால் ஓட்டை 7,136 கோடி. அந்த மூன்று மாத லாபம் 649 கோடி என்று காட்டினார்கள். உண்மை 61 கோடி என்றார் அவரே.

முந்திய நாள் சுமார் 179 ரூபாய்க்கு விற்ற பங்கு, அன்று மாலை 40 ரூபாயைத் தொட்டது. அறிக்கையை நம்பியவன் ஒரே பகலில் முக்கால் பணத்துக்கு மேல் இழந்தான்.

ஆடிட்டர் என்ன செய்தார்? உலகப் புகழ் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளைகள் பார்த்த கணக்கு அது. "வங்கியில் இவ்வளவு இருக்கிறது" என்ற உறுதிக் கடிதத்தை ஆடிட்டர் நேரே வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பொறுப்பைக் கம்பெனி நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று 2011-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. அபராதம் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். திருடனிடமே சாவியைக் கொடுத்து, 'பெட்டியை எண்ணிச் சொல்' என்று கேட்ட கதை இது. 2015 ஏப்ரலில் ராஜு உட்பட பத்துப் பேருக்கு ஐதராபாத் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

இரண்டு: உண்மை சொன்ன கணக்கு

எல்லாக் கணக்கும் பொய்தான் என்று முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம். கிங்பிஷர் விமானக் கம்பெனியைப் பாருங்கள். 2005 மே மாதம் பறக்கத் தொடங்கியது. ஒரு வருஷமாவது லாபம் காட்டியதா? இல்லை. 2010-11-இல் 1,027 கோடி நஷ்டம்; 2011-12-இல் 2,328 கோடி நஷ்டம். மறைக்கவில்லை, அச்சடித்தே கொடுத்தார்கள்! புதுப் பணம் வந்தால்தான் இந்தக் கம்பெனி தொடர்ந்து நடக்க முடியும் என்று 2011-லேயே ஆடிட்டர்களும் எழுதிவைத்தார்கள்.

படித்தவர் யார்? அதே 2011-இல் வங்கிகள், தங்களுக்கு வரவேண்டிய கடனில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டன. சந்தையில் சுமார் 40 ரூபாய்க்குக் கிடைத்த பங்கை 64 ரூபாய் 48 காசு என்று மதிப்பிட்டு எடுத்துக்கொண்டன! அவற்றிலே பெரும்பாலானவை பொதுத்துறை வங்கிகள்; அதாவது ஊராரின் சேமிப்பு. கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டவற்றில் ஒன்று 'கிங்பிஷர்' என்ற வியாபாரப் பெயர். கடன் கொடுத்த காலத்திலே அதன் மதிப்பு 4,000 கோடிக்கு மேல் என்றார்கள். 2016 ஏப்ரலில் 366 கோடியே 70 லட்சத்துக்கு ஏலம் விட்டபோது கேட்க ஓர் ஆள் இல்லை. பம்பாயிலிருந்த அதன் தலைமை அலுவலகக் கட்டிடத்தை 2016-இல் 150 கோடிக்கு ஏலம் விட்டார்கள். 2021-இல் 52 கோடிக்குத்தான் போயிற்று. ஓடும் விமானத்தின் பெயருக்கு ஒரு விலை; நின்ற விமானத்தின் பெயருக்கு வேறு விலை. ஐந்தொகையிலே எழுதிய சொத்தின் விலை, கம்பெனி உயிரோடிருக்கும் வரைதான் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அங்கே வேலை பார்த்தவர்கள் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் வராதபோதே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 2012 செப்டம்பர் இறுதியில் என்ஜினியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபர் 1-ந் தேதி விமானங்கள் நின்றன. அதே மாதம் 20-ந் தேதி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது.

மூன்று: பின்னி வைத்த கணக்கு

1987-இல் தொடங்கிய ஐ.எல். அண்டு எப்.எஸ். நிறுவனம், சாலை, சுரங்கப்பாதை, மின் நிலையம் கட்டப் பணம் திரட்டிக் கொடுத்தது. திருப்பூரின் தண்ணீர்த் திட்டத்திலும் கடலூர் மாவட்ட அனல் மின் நிலையத்திலும் அதன் கை இருந்தது. பங்கிலே கால் பாகம் எல்.ஐ.சி.யுடையது. மொத்தக் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய்.

சாலையில் போட்ட பணம் திரும்ப இருபது, முப்பது வருஷம் ஆகும். அவர்கள் வாங்கிய கடனில் ஒரு பகுதியோ சில மாதங்களில் திருப்ப வேண்டிய கடன். தென்னங்கன்று நடுவதற்கு மாதவட்டிக்காரனிடம் கடன் வாங்கியவன் கதிதான் நேர்ந்தது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அதை அடைக்க இன்னொன்று. சொந்தக் குழுவுக்குள்ளேயே சுற்றி வளைத்துப் பணத்தைக் கைமாற்றி, வராக் கடனை வந்த கடனாகக் காட்டினார்கள் என்று பின்னால் மோசடி விசாரணை அலுவலகம் குற்றம் சாட்டியது.

குழுவில் 169 கம்பெனிகள் என்று முதலில் சொன்ன கணக்கு, புதிய டைரக்டர்கள் வந்து எண்ணியபோது 348 ஆயிற்று! தன் வீட்டிலே எத்தனை பேர் என்றே தெரியாத குடும்பத்தின் வரவு செலவை எந்த முதலீட்டாளன் படித்துப் புரிந்துகொள்வான்?

2018 ஆகஸ்டு தொடக்கம் வரை தரம் மதிப்பிடும் கம்பெனிகள் இதற்குக் கொடுத்த மதிப்பெண் உச்சியிலுள்ள 'ஏஏஏ'. செப்டம்பர் நடுவில் அடிமட்டமான 'டி'. ஆறே வாரத்தில் மலையுச்சியிலிருந்து படுகுழி! உயர்ந்த தரம் பெற்ற பத்திரத்தில்தான் பிராவிடண்டு பண்டைப் போடலாம் என்பது விதி. விதியை மதித்துப் போட்ட தொழிலாளர் நிதிகளின் பணம்தான் அங்கே சிக்கிக்கொண்டது. 2018 அக்டோபர் 1-ந் தேதி அரசு தலையிட்டு டைரக்டர் குழுவை நீக்கியது. கணக்குகளையும் ஆடிட்டர்களையும் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் பிறந்ததும் அதே நாளில்தான். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த அன்று கரைக்கு முதற் கல் நட்டார்கள்!

அப்படியானால் பயனே இல்லையா?

உண்டு. அது முகப்பு மடலிலே இல்லை, 'நிகர லாபம்' என்ற வரியிலும் இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களிலே இருக்கிறது. தோழர்கள் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து.

முதலாவது, லாபத்தின் பக்கத்தில் ரொக்கத்தை வைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் லாபம் ஏறுகிறது, தொழிலிலிருந்து வந்த ரொக்கம் ஏறவில்லை என்றால், அந்த லாபம் மளிகைக் கடை நோட்டு லாபம்.

இரண்டாவது, பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, அதற்குள் கைக்கு வரக்கூடிய பணம் எவ்வளவு. கம்பெனிகள் பெரும்பாலும் சாவது நஷ்டத்தால் அல்ல. தவணை நாளில் கையில் காசில்லாமல்.

மூன்றாவது, ஆடிட்டரின் சொற்கள். 'தொடர்ந்து இயங்கும் நிறுவனம்' என்ற சொற்றொடருக்குப் பக்கத்திலே 'ஐயம்', 'நிச்சயமின்மை' என்ற சொல் வந்துவிட்டால், மருத்துவர் உறவினரைத் தனியே அழைத்துப் பேசுவது போன்றது அது. ஆண்டு நடுவில் ஆடிட்டர் விலகிப் போனால் அதுவும் ஒரு சேதிதான்.

நான்காவது, முதலாளி குடும்பம் தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறதா, சொந்தக்காரர் கம்பெனிகளுக்குப் பணம் போகிறதா என்பது. அடகுப் பங்கின் கணக்கை வெளியிட வேண்டும் என்று செபி உத்தரவிட்டதே சத்யம் கவிழ்ந்த பிறகு, 2009 ஜனவரியில்தான்.

ஐந்தாவது, நமக்கென்றே எழுதப்பட்டது போன்ற ஓர் இடம். பெரிய கம்பெனிகளின் ஆடிட்டர் அறிக்கையோடு ஓர் இணைப்பு இருக்கும். தகராறில்லாத பி.எப்., இ.எஸ்.ஐ., வரி பாக்கி ஆறு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் நின்றால் அதை அங்கே சொல்லியாக வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த காசையே கட்ட முடியாத கம்பெனி, வேறு எவன் கடனைக் கட்டும்? பங்குச் சந்தையின் ஆயிரம் ஆரூடத்தைவிட இந்த ஒரு வரி உறுதியான சேதி.

காலம் கடந்து வரும் கடிதம்

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. மூன்று மாதக் கணக்கை நாற்பத்தைந்து நாளிலும், ஆண்டுக் கணக்கை அறுபது நாளிலும் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கான விதி. நல்ல காலத்தில் அறுபது நாள் ஒரு பொருட்டல்ல. நெருக்கடியில், 'ஏஏஏ' கம்பெனி 'டி' ஆவதற்கு அதைவிடக் குறைந்த காலமே போதுமாக இருந்தது. அறிக்கை தந்தியல்ல, தபால். சாவுச் சேதியைச் சில சமயம் கருமாதிக்குப் பிறகுதான் கொண்டுவரும்.

ஆனால் தபாலுக்கு முன்னே சேதி அறிகிறவன் ஒருவன் உண்டு. மூலப்பொருள் லாரி வராததை வாயிலில் நிற்பவன் பார்க்கிறான். உதிரிப் பாகம் கேட்டால் "அடுத்த வாரம்" என்று ஸ்டோரில் சொல்வதை மெக்கானிக் கேட்கிறான். ஏழாந் தேதிச் சம்பளம் பதினேழாந் தேதிக்குப் போவதைக் குடும்பமே உணர்கிறது. இந்தச் சேதியையும் அந்த ஏட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவனை ஏமாற்றுவது கடினம்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்திலே கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தைப் பங்கிட ஒரு வரிசை இருக்கிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்து, ஈடு பெற்ற கடன்காரரும், தொழிலாளரின் 24 மாத ஊதிய பாக்கியும் சமமாக நிற்கின்றன. பங்குதாரன் கடைக்கோடியில். தொழிலாளரின் பி.எப்., கிராஜுவிடி நிதியிலுள்ள தொகையைக் கடன்காரர் தொடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நிதியிலே கட்டாத பணத்தைப் பிறகு வழக்காடித்தானே பெற வேண்டும்? சட்டம் கொடுத்த இடம் வரிசையில் மட்டுமே. பந்தியில் சோறு மிஞ்சியிருக்க வேண்டுமே!

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது இது. மாதந்தோறும் பி.எப். பாஸ்புத்தகத்தைப் பாருங்கள், பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா என்று அதுவே காட்டும். ஆண்டறிக்கை வந்ததும் சங்க அலுவலகத்தில் நான்கு பேர் உட்கார்ந்து, கணக்குத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு அந்த ஐந்து இடங்களையும் படியுங்கள். ஆடிட்டர் பார்த்த கணக்கைச் சரியென்றே கொள்ளலாம் என்று 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் சொன்னபோதே, எந்தத் தொகைக்கும் விளக்கம் கேட்டு மனுச் செய்யத் தொழிற்சங்கத்துக்கு வழியும் வைத்தது. கேட்பது பிச்சையல்ல, உரிமை. நம் பிராவிடண்டு பண்டு நிதியை ஆளும் அறக்கட்டளையில் தொழிலாளர் பிரதிநிதி இருந்தால், எந்தக் கம்பெனிப் பத்திரத்தில் பணம் போகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கச் சொல்லுங்கள். 'ஏஏஏ' என்ற மூன்றெழுத்தைப் பதிலாக ஏற்காதீர்கள்.

கணக்கு விளக்கைப் போன்றது. ஏற்றி வைத்தால் மட்டும் திருடன் ஓடமாட்டான். வீட்டிலுள்ளவன் கண் விழித்திருக்க வேண்டும். சத்யத்திலே விளக்கையே அணைத்தார்கள், கிங்பிஷரிலே விளக்கு எரிந்தது, காவலிருந்தவர் தூங்கினார்கள், ஐ.எல். அண்டு எப்.எஸ்.ஸிலே விளக்குக்கு முன்னால் முந்நூற்று நாற்பத்தெட்டுத் திரை கட்டினார்கள். மூன்றிலும் போனது ஊரார் பணம். இனிப் போடப்படுவதும் நம் பணமே. விழித்திருப்போம், ஏட்டைத் திறந்து கேள்வி கேட்போம்!